மலை வீட்டுச் சாப்பாடு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குன்னூர், கோத்தகிரி, உதகைப் பக்கம் மகளிர் குழுக் கூட்டங்களில் வீட்டுச் சாப்பாட்டைப் பற்றிப் பேசப் போகிறவள் நான். பேசி முடித்ததும் ஒரே மாதிரியான சந்தேகங்கள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. கூட்டத்தில் கேட்கக் கூச்சப்பட்டு, பஸ் ஸ்டாப் வரை கூடவே நடந்து வந்து கேட்பவர்களும் உண்டு. அவற்றைக் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே இங்கே தொகுத்திருக்கிறேன். நான் டாக்டர் இல்லை. சுகர், கிட்னி, ரத்தக் கொதிப்பு என்று மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அளவுகளை உங்கள் டாக்டரிடம் ஒரு தடவை கேட்டுக்கொள்ளுங்கள்.

அக்கா, சத்தான சாப்பாடுன்னா ஓட்ஸ், பாதாம், ஆலிவ் எண்ணெய்னு வாங்கணுமே. அவ்வளவு காசுக்கு எங்க போறது?

எங்கேயும் போக வேண்டாம். ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-ல் ஒரு வழிகாட்டி வெளியிட்டது. 2000 கலோரி தேவைப்படும் ஒருவருக்கு ஒரு நாளைக்கு அது சொல்லும் கணக்கு இதுதான்: தானியம் 250 கிராம், பருப்பும் பயறும் 85 கிராம், கீரையும் காயும் சேர்த்து 400 கிராம், பழம் 100 கிராம், பால் அல்லது தயிர் 300 மில்லி, வேர்க்கடலை, எள் மாதிரியானவை 35 கிராம், எண்ணெய் 27 கிராம். இதில் எதுவும் சூப்பர் மார்க்கெட்டுக்குப் போய்த்தான் வாங்க வேண்டும் என்றில்லை. நான் போகிற வீடுகளில் பெரும்பாலும் சோறு இந்த அளவைத் தாண்டிவிடும், பருப்பைக் குழம்புக்குள் தேட வேண்டியிருக்கும். முதலில் சரி செய்ய வேண்டியது அதைத்தான்.

இன்னொரு விஷயம். அந்த நிறுவனம் பிறந்ததே நம் குன்னூரில்தான். 1918-ல் பாஸ்டியர் நிலையத்தின் ஒற்றை அறையில் ராபர்ட் மெக்காரிசன் என்ற மருத்துவர் பெரிபெரி நோயை ஆராயத் தொடங்கினார். அது வளர்ந்து, 1958-ல் ஹைதராபாத்துக்குப் போனது. இந்தியாவின் வெவ்வேறு பகுதிச் சாப்பாட்டை அவர் எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்திருக்கிறார். முழுக் கோதுமை ரொட்டி, பால், பருப்பு, பச்சைக் காய் என்று பஞ்சாப் பக்கத்துச் சாப்பாட்டில் வளர்ந்த எலிகள் நன்றாகத் தேறின. தீட்டிய அரிசியையே நம்பியிருந்த நம் சென்னை மாகாணச் சாப்பாட்டில் வளர்ந்தவை நோஞ்சானாகப் போயின. இந்தப் பரிசோதனை நடந்த மலையில் இருந்துகொண்டு நாம் இன்னும் அரிசி மூட்டையைத்தான் முதலில் வாங்குகிறோம்!

ஊட்டியில பருப்பு வேகவே மாட்டேங்குது. கேஸ்தான் தீருது. சோடா உப்பு போடலாமா?

பருப்பின் மேல் தப்பில்லை, உயரம்தான் காரணம். சுமார் 300 மீட்டர் ஏறினால் தண்ணீர் கொதிக்கும் சூடு ஒரு டிகிரி குறையும். கடல் மட்டத்தில் 100 டிகிரியில் கொதிக்கிற தண்ணீர், 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிற உதகையில் 92, 93 டிகிரியிலேயே தளதளவென்று கொதித்துவிடும். கொதிப்பதைப் பார்த்து நாம் ஏமாறுகிறோம், பருப்புக்குச் சூடு போதவில்லை. குக்கருக்குள்ளும் கீழ்நாட்டைவிடச் சில டிகிரி குறைவுதான். அதனால் கோயம்புத்தூர் மாமியார் சொன்ன விசில் கணக்கு இங்கே செல்லாது, ஒன்றிரண்டு கூட விட வேண்டும்.

துவரம் பருப்பை அரை மணி நேரமாவது ஊற வையுங்கள். காய்ந்த அவரை, ராஜ்மா, கொண்டைக்கடலை எல்லாம் ராத்திரி முழுக்க ஊற வேண்டும். ராஜ்மாவை மட்டும் ஊறிய தண்ணீரைக் கொட்டிவிட்டு, கட்டாயம் குக்கரில் நன்றாக வேக வையுங்கள். அரைவேக்காட்டு ராஜ்மாவில் வாந்தி, வயிற்றுப்போக்கை உண்டாக்கும் நச்சுப் பொருள் இருக்கிறது. சோடா உப்பு வேண்டாம். அது பருப்பில் உள்ள பி1 வைட்டமினை அழித்துவிடும். மெக்காரிசன் ஆராய்ந்த பெரிபெரி வருவதே அந்த பி1 குறைவதால்தான்.

மாவு பொங்கவே மாட்டேங்குது. குளிர்காலத்துல இட்லியையே விட்டுடறதா?

விட வேண்டாம், நேரம் கொடுங்கள். டிசம்பர், ஜனவரியில் உறைபனி விழுகிற நாட்களில் மாவு பொங்க ஒரு நாள் முழுக்கக்கூட ஆகும். வெதுவெதுப்பான தண்ணீர் விட்டு அரையுங்கள், கையால் கலக்குங்கள், பழைய மாவு ஒரு கரண்டி சேருங்கள். பிறகு பாத்திரத்தை ஹாட் பாக்ஸிலோ, கம்பளி சுற்றி அடுப்பு மேடையிலோ வையுங்கள். தயிர் உறைய வைப்பதற்கும் இதே வழிதான்.

அப்படியும் பொங்கவில்லையா? அந்த மாவில் வெங்காயம், காரட் துருவிப் போட்டுக் குழிப்பணியாரம் சுடுங்கள். இல்லை, மாவு புளிக்கத் தேவையே இல்லாத அடைக்குப் போங்கள். குளிருக்கு அடையை மிஞ்சிய பலகாரம் எனக்குத் தெரிந்து இல்லை, பருப்பும் தாராளமாக உள்ளே போகும்.

தினமும் பீட்ரூட் ஜூஸ் குடிக்கிறேன். அப்புறமும் ரத்தம் கம்மின்னு ஏன் சொல்றாங்க?

பீட்ரூட்டின் சிவப்புக்கும் ரத்தத்தின் சிவப்புக்கும் சம்பந்தமே இல்லை. 100 கிராம் பீட்ரூட்டில் இரும்புச் சத்து ஒரு மில்லிகிராம்கூடத் தேறாது. பெண்களுக்கு ஒரு நாளைக்குப் பரிந்துரைக்கப்படும் அளவு 29 மில்லிகிராம். காரட்டும் அப்படியே. காரட் கண்ணுக்கு நல்லது, அதையும் கொஞ்சம் எண்ணெயில் வதக்கிச் சாப்பிட்டால்தான் உடம்பில் நன்றாகச் சேரும்.

இரும்பு எங்கே இருக்கிறது? நாம் கிள்ளி எறிகிற இலையில் இருக்கிறது. பீட்ரூட் இலை, முள்ளங்கி இலை, நூல்கோல் இலை, டர்னிப் இலை எல்லாமே கீரைதான். உழவர் சந்தையில் கடைக்காரர் முறித்துப் போடுவதற்கு முன்பே "இலையோட குடுங்க" என்று கேட்டு வாங்குங்கள். பொடியாக நறுக்கி, பாசிப்பருப்போடு கூட்டு வைத்தால் கசப்பு தெரியாது. கிட்னியில் கல் இருப்பவர்கள் மட்டும் பீட்ரூட் இலையையும் பாலக்கையும் குறைத்துக்கொள்ளுங்கள். இலை தவிர கேழ்வரகு, கம்பு, கொள்ளு இருக்கிறது. அசைவம் சாப்பிடுகிறவர்களுக்கு ஆட்டு ஈரல் இருக்கிறது. கறியில் உள்ள இரும்பு உடம்பில் சுலபமாகச் சேரும். கீரை, பயறில் உள்ளதற்குத் துணை வேண்டும். எலுமிச்சை பிழிந்துகொள்ளுங்கள், நெல்லிக்காயோ கொய்யாவோ கூட வைத்துக்கொள்ளுங்கள்.

மலையில் இருப்பவர்கள் இன்னொன்றையும் தெரிந்துகொள்ள வேண்டும். உயரமான இடத்தில் காற்றில் ஆக்சிஜன் குறைவு, அதனால் உடம்பு இயல்பாகவே கொஞ்சம் கூடுதல் ஹீமோகுளோபினை உண்டாக்கும். ஆகவே உயரத்துக்கு ஏற்பக் கணக்கைத் திருத்திப் பார்க்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். கீழ்நாட்டுப் பெண்ணுக்கு 12 வந்தால் பரவாயில்லை. உதகைப் பெண்ணுக்கு அதே 12 வந்தால் நிம்மதியாக இருந்துவிட முடியாது.

டீ தோட்டத்துலயே பொறந்து வளர்ந்தவங்க நாங்க. டீயை விடச் சொன்னா எப்படி?

யார் விடச் சொன்னது? நேரத்தை மட்டும் மாற்றுங்கள். டீயில் உள்ள துவர்ப்புப் பொருள், கீரையிலும் பயறிலும் இருந்து வரும் இரும்பைப் பிடித்துக்கொள்ளும். சாப்பாட்டோடு ஒரு டம்ளர் டீ குடித்தால், சேர வேண்டிய இரும்பில் பாதிக்கு மேல் குறையலாம். சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்னாலோ பின்னாலோ குடித்தால் இந்தத் தொல்லை பெருமளவு குறைந்துவிடும். இரும்புச் சத்து மாத்திரையை டீயோடு விழுங்குகிறவர்களையும் பார்க்கிறேன். அது மாத்திரையை வீணாக்குகிற வேலை.

சர்க்கரையையும் ஒரு தடவை கணக்குப் போட்டுப் பாருங்கள். டம்ளருக்கு இரண்டு ஸ்பூன், நாளைக்கு ஐந்து டம்ளர் என்றால் 40 முதல் 50 கிராம். பெரியவர்களுக்கு 50 கிராமைத் தாண்டக் கூடாது, 25-க்குள் நின்றால் இன்னும் நல்லது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. டீயிலேயே வரம்பு முடிந்துவிடுகிறது, அப்புறம்தான் டீக்குத் தொட்டுக்கொள்ளும் பேக்கரிப் பலகாரமான வர்க்கி வருகிறது. சின்னப் பிள்ளைகளுக்கு டீ பழக்க வேண்டாம்.

அந்த வர்க்கியைத்தான் கேக்கணும்னு இருந்தேன். அதுவும் கூடாதா?

சாயங்காலம் மழை பெய்யும்போது டீயில் வர்க்கியைத் தொட்டுச் சாப்பிடுகிற சுகத்தைக் கெடுக்க எனக்கும் மனசில்லை. எப்போதாவது சாப்பிடுங்கள். ஆனால் அது மைதா, சர்க்கரை, வனஸ்பதி மூன்றும் சேர்ந்தது என்பது நினைவிருக்கட்டும். வனஸ்பதியில் இதயத்துக்குக் கெடுதலான டிரான்ஸ் கொழுப்பு 2 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று 2022 முதல் விதி இருக்கிறது. அது நல்ல மாற்றம், அதற்காக வர்க்கி காலைச் சாப்பாடாகிவிடாது. பள்ளிக்குப் போகிற அவசரத்தில் பிள்ளைக்கு இரண்டு வர்க்கியும் டீயும் கொடுத்து அனுப்புவதுதான் என் கவலை. அந்த இடத்தில் ஒரு வாழைப்பழமும் அவித்த முட்டையும் வைத்தால் அதே இரண்டு நிமிஷம்தான் ஆகும்.

காலைல ஏழு மணிக்கு இலை பறிக்கப் போயாகணும். இதெல்லாம் எப்ப சமைக்கிறது?

நியாயமான கேள்வி. தோட்டத்துப் பெண்களுக்குத் தினம் நாலு வகை சமைக்கச் சொல்லி அறிவுரை சொல்வது எனக்குப் பிடிக்காது. முதல் நாள் ராத்திரி ஒரே ஒரு வேலையைச் செய்யுங்கள்: ஏதாவது ஒரு பயறை ஊறப் போடுங்கள். காலையில் சோறு வைக்கும் குக்கரிலேயே அடித்தட்டில் பயறு, மேல்தட்டில் அரிசி, அரிசிக்கு மேல் முட்டைகளைக் கழுவி வைத்துவிடலாம். பயறில் பாதி குழம்புக்கு, மீதி தாளித்துச் சுண்டலாக டிபன் பாக்ஸுக்கு. மதியம் வெறும் சோறும் ஊறுகாயும் சாப்பிட்ட இடத்தில் சுண்டலும் முட்டையும் வந்துவிடும்.

அரசுத் தொடக்கப் பள்ளியில் ஒன்று முதல் ஐந்து வரை படிக்கிற பிள்ளைகளுக்கு 2023 முதல் பள்ளியிலேயே காலைச் சாப்பாடு கிடைக்கிறது. கிச்சடி, பொங்கல், உப்புமா என்று சாம்பாரோடு கொடுக்கிறார்கள். அதை மரியாதைக் குறைவாக நினைத்து "நீ அங்க சாப்பிடாதே" என்று சொல்லாதீர்கள்.

எங்க வீட்டுல காலைல ரொட்டியும் சம்பலும்தான். அது கெடுதலா?

இலங்கையிலிருந்து திரும்பி வந்த குடும்பங்களில் கேட்கிற கேள்வி. கெடுதல் இல்லை. தேங்காய்ச் சம்பலில் எலுமிச்சை பிழிகிறீர்களே, அது இரும்புக்குத் துணை என்று மேலே பார்த்தோம். மைதா ரொட்டியைப் பாதி கோதுமை, பாதி கேழ்வரகு மாவுக்கு மாற்றி, கூட ஒரு பருப்புக் கறி வையுங்கள், போதும்.

ரேஷன் அரிசியில பிளாஸ்டிக் அரிசி கலக்குறாங்களாமே? கழுவும்போது மிதக்குதே!

மிதப்பது பிளாஸ்டிக் இல்லை, செறிவூட்டிய அரிசி. அரிசி மாவில் இரும்பு, ஃபோலிக் அமிலம், பி12 மூன்றையும் கலந்து, மறுபடி அரிசி வடிவத்தில் செய்து, 100 கிலோவுக்கு 1 கிலோ வீதம் சேர்ப்பதுதான் அது. நிறம் கொஞ்சம் வேறாக இருக்கும், சில மணிகள் மிதக்கும். பொறுக்கி எறிய வேண்டாம். நிறையத் தண்ணீரில் திரும்பத் திரும்பக் கழுவவும் வேண்டாம். கஞ்சியை வடித்துக் கொட்டாமல் சமைத்தால் சத்து மிஞ்சும்.

இருளர், குறும்பர், பணியர் குடியிருப்புகளில் சிக்கிள் செல் ரத்தசோகை உள்ள குடும்பங்கள் இருக்கின்றன. அது பரம்பரையாக வருவது, இரும்புக் குறைவால் வருவதில்லை. அப்படிப்பட்டவர்களும், தாலசீமியா என்ற இன்னொரு பரம்பரை ரத்த நோய் உள்ளவர்களும், இந்த அரிசியைப் பற்றியும் இரும்பு மாத்திரையைப் பற்றியும் டாக்டரைக் கேட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும். பக்கத்து வீட்டு அக்கா சொன்னதை வைத்துச் செய்யக் கூடாது. நான் சொன்னதை வைத்தும்தான்.

ரேஷன்ல கேழ்வரகு வாங்கி வெச்சிருக்கேன். பிள்ளைங்க களியைக் கண்டாலே ஓடுதுங்க.

2023-ல் நீலகிரியிலும் தருமபுரியிலும்தான் 2 கிலோ அரிசிக்குப் பதில் 2 கிலோ கேழ்வரகு கொடுக்கும் திட்டம் முதலில் தொடங்கியது. வாங்கிய கேழ்வரகை மாட்டுக்குக் கரைத்துக் கொடுத்த வீடுகளும் எனக்குத் தெரியும்! 100 கிராம் கேழ்வரகில் சுமார் 350 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது. அரிசியில் பத்து மில்லிகிராம் அளவுதான்.

களியில் தொடங்காதீர்கள். தோசை மாவில் நாலில் ஒரு பங்கு கேழ்வரகு மாவு கலங்கள், யாருக்கும் தெரியாது. அடுத்து முருங்கைக்கீரை போட்ட ராகி அடை, அதற்கடுத்து தேங்காயும் நாட்டுச் சர்க்கரையும் சேர்த்த புட்டு. களிக்கு வரும்போது தொட்டுக்கொள்ள நல்லதாக ஒன்று இருக்க வேண்டும். படகர் வீடுகளில் களியோடு அவரை உதக்க வைப்பார்கள். காய்ந்த அவரையும் உருளைக்கிழங்கும் அவர்கள் வீட்டு மசாலாவில் கொதித்துக் கெட்டியாக இருக்கும். அதைத் தொட்டு ஒரு உருண்டை உள்ளே போய்விட்டால் அடுத்த உருண்டையைப் பிள்ளையே கேட்கும். வெறும் களியும் தண்ணி ரசமும் வைத்தால் நானும்தான் ஓடுவேன்.

எனக்கு சுகர். சோத்தை விட்டுட்டு மூணு வேளையும் களி சாப்பிட்டா சரியாயிடுமா?

ஆகாது. கேழ்வரகும் மாவுச் சத்துதான். நைசாக அரைத்த மாவில் கஞ்சி காய்ச்சினாலும் களி கிண்டினாலும் சர்க்கரை வேகமாகவே ஏறும். பெரிய உருண்டை மூன்று என்றால் சோற்றைவிட எந்த விதத்திலும் குறைவில்லை. உருண்டையைச் சின்னதாக்கி, தட்டில் பாதிக்குக் காயும் கீரையும், கூட ஒரு கிண்ணம் பயறு என்று வைத்தால் பலன் தெரியும்.

சாமை, தினையிலும் இதே எச்சரிக்கைதான். வெள்ளை வெளேரென்று தீட்டிய சாமையில் தவிடு போயிருக்கும். கொஞ்சம் பழுப்பாக இருப்பதைக் கேட்டு வாங்குங்கள்.

பையன் காயே தொட மாட்டேங்கறான். அடிச்சும் பாத்துட்டேன், சாக்லேட் தர்றேன்னும் சொல்லிப் பாத்துட்டேன்.

அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான், சூட்டோடு கேட்கப்படுவதும் இதுதான். அடியும் வேண்டாம், சாக்லேட்டும் வேண்டாம். "பீன்ஸ் தின்னா சாக்லேட்" என்று சொன்னால், பீன்ஸ் என்பது கஷ்டப்பட்டு விழுங்க வேண்டிய ஒன்று என்று நீங்களே சொல்லிக் கொடுத்தது போலாகிவிடும். புதிய ருசி ஒன்று பிள்ளைக்குப் பழகப் பத்துப் பதினைந்து தடவைகூட ஆகலாம். நாம் மூன்றாவது தடவையிலேயே "இவனுக்குப் பிடிக்காது" என்று முத்திரை குத்திவிடுகிறோம். தினம் ஒரு ஸ்பூன் தட்டில் வையுங்கள், சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் ஒன்றும் சொல்லாதீர்கள்.

அடுத்து, காயின் ருசியைப் பாருங்கள். பருப்பு வேக வேண்டும் என்று கூடுதல் விசில் விடச் சொன்னேன் அல்லவா? காயையும் அதே குக்கரில் போட்டால் கூழாகிவிடும். முட்டைக்கோஸ் அளவுக்கு மேல் வெந்தால் ஒரு கந்தக வாடை வரும், பிள்ளைகள் மூக்கைப் பொத்துவது அதற்குத்தான். வாணலியில் கடுகு, சீரகம் தாளித்து, ஐந்து நிமிஷம் வதக்கி, கடித்தால் நறுக்கென்று இருக்கும்போதே தேங்காய் தூவி இறக்குங்கள். நம் கேத்தி பாலாடா ஊர்க் காரட்டைத் தோலோடு கடித்துத் தின்கிற பிள்ளை, அதே காரட்டைப் பொரியலில் ஒதுக்குகிறான் என்றால் குறை பொரியலில்தான்.

சமையலுக்குள் பிள்ளையை இழுங்கள். பட்டாணி சீசனில் ஒரு முறம் பட்டாணியை முன்னால் வைத்து உரிக்கச் சொல்லுங்கள். உரிக்கிறதில் பாதி வாய்க்குள் போகும், போகட்டும். பட்டர் பீன்ஸும் அப்படித்தான். கடைசியாக ஒன்று, கொஞ்சம் கசக்கும்: அப்பா தட்டோரம் ஒதுக்கி வைக்கிற காயை மகன் தின்ன மாட்டான். ராத்திரி ஒரு வேளையாவது எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து, போனைத் தூர வைத்துவிட்டு, ஒரே சாப்பாட்டைச் சாப்பிடுங்கள். பையனுக்கு மட்டும் தனியாக நூடுல்ஸ் செய்வதை நிறுத்துங்கள்.

ஆப்பிள் விலைக்குப் பழம் எங்க வாங்கறது?

ஆப்பிளை விடுங்கள். கோடையில் பிளம்ஸும் பீச்சும், மழைக்காலத்தில் நாட்டுப் பேரிக்காயும் இங்கேயே வருகின்றன. வேலியோரம் பேஷன் ஃப்ரூட், கொல்லையில் மரத்தக்காளி, பட்டர் ஃப்ரூட் இருக்கும் வீடுகளும் நிறைய. சுற்றுலாக்காரர்கள் காசு கொடுத்து வாங்குவதை நாம் கீழே விழுந்து அழுக விடுகிறோம். மரத்தக்காளியைச் சுட்டுத் துவையல் அரைத்துப் பாருங்கள்.

இங்க எல்லாத்துக்கும் மருந்து அடிக்கிறாங்க. உப்புத் தண்ணில ஊற வெச்சா போயிடுமா?

முழுக்கப் போகாது. உப்புத் தண்ணீரில் காலிஃப்ளவரின் புழு வெளியே வரும், மருந்து அவ்வளவாக வராது. ஓடும் தண்ணீரில் கையால் தேய்த்துக் கழுவுவதுதான் பெரிய பலன் தரும். முட்டைக்கோஸில் மேல் இலை இரண்டு மூன்றை எடுத்துவிடுங்கள். சந்தேகமாக இருந்தால் காரட், பீட்ரூட்டின் தோலைச் சீவிவிடுங்கள். சோப்புப் போட்டுக் கழுவக் கூடாது. மருந்துக்குப் பயந்து காயைக் குறைப்பதுதான் இதில் பெரிய நஷ்டம்.

தோட்டத் தொழிலாளர்களின் லயன் வீட்டு வாசலிலும் பழைய சாக்கில் மண் போட்டு வெந்தயக்கீரை, கொத்தமல்லி, முள்ளங்கி வளர்க்கலாம். காட்டெருமையும் குரங்கும் விட்டுவைத்தால் நமக்கும் கொஞ்சம் கிடைக்கும்.

முளை விட்ட உருளைக்கிழங்கைத் தூக்கிப் போடணுமா? மூட்டையா வாங்கி வெச்சிருக்கோம்.

கிழங்கு கெட்டியாக இருந்து, சின்ன முளை மட்டும் வந்திருந்தால், முளையை ஆழமாகத் தோண்டி எடுத்துவிட்டுச் சமைக்கலாம். தோல் பச்சையாகியிருந்தால் பச்சைப் பகுதியைத் தடிமனாக வெட்டி எறியுங்கள். பெரும்பகுதி பச்சை, அல்லது வெந்த பிறகு கசக்கிறது என்றால் முழுக் கிழங்கையும் எறியுங்கள். அதிலுள்ள சோலனின் என்ற நச்சு வேக வைத்தாலும் போகாது. வெளிச்சம் படாத இடத்தில் சாக்குக்குள் வைத்தால் பச்சையாவது குறையும்.

ரேஷன் பாமாயில் நல்லதா கெட்டதா? ஆளுக்கொண்ணு சொல்றாங்க.

பாமாயிலில் உறைகொழுப்பு (சாச்சுரேட்டட் ஃபேட்) நூற்றுக்கு நாற்பதுக்கு மேல், கடலை எண்ணெயில் ஏறத்தாழ அதில் பாதி. அதனால் பாமாயிலை மட்டுமே நம்ப வேண்டாம், கடலை எண்ணெயோ நல்லெண்ணெயோ மாற்றி மாற்றிப் பயன்படுத்துங்கள். 25 ரூபாய்க்குக் கிடைப்பதை விட்டுவிடுங்கள் என்று நான் சொல்ல மாட்டேன். மொத்த அளவுதான் முக்கியம். முதல் பதிலில் சொன்ன 27 கிராம் கணக்கில், நாலு பெரியவர்கள் உள்ள வீட்டுக்கு மாதம் எல்லா எண்ணெயும் சேர்த்து மூன்றே கால் கிலோ வருகிறது. அதற்குள் நில்லுங்கள். பஜ்ஜி சுட்ட எண்ணெயை மறுபடி மறுபடி காய்ச்சாதீர்கள்.

மழை விட்டதும் காட்டுல காளான் முளைக்குது. பூண்டு போட்டு வேக வெச்சுக் கறுக்கலைன்னா சாப்பிடலாமாமே?

அந்தச் சோதனையை நம்பாதீர்கள். பூண்டு கறுப்பது, வெள்ளிக்காசு கறுப்பது, பூச்சி தின்றிருப்பது எதுவும் நச்சுக் காளானைக் காட்டிக் கொடுக்காது. உயிரைக் கொல்லும் சில காளான்கள் பார்க்க அழகாகவும் ருசியாகவும் இருக்கும், வேக வைத்தாலும் நச்சு போகாது. கடையில் பாக்கெட்டில் வரும் வளர்ப்புக் காளான் போதும்.

காட்டுத் தேன் சுத்தமானதுதானே? பொறந்த குழந்தை நாக்குல தடவலாமா?

தடவக் கூடாது. ஒரு வயது வரை எந்தத் தேனும் கூடாது. சுத்தமான மலைத்தேனிலும் ஒரு கிருமியின் வித்துக்கள் இருக்கலாம். குழந்தையின் குடலில் அவை வளர்ந்து, உடம்பைத் தளரச் செய்து, மூச்சையே பாதிக்கும் நச்சை உண்டாக்கும். பாட்டி கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை. ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும், அதன் பிறகு பருப்பும் காயும் குழைத்த சோறும் ராகிக் கஞ்சியும் கொடுங்கள். முதல் பிறந்தநாளுக்குப் பிறகு தேன் கொடுக்கலாம்.

எல்லாருக்கும் போட்டது போக மிச்சம்தான் எனக்கு. இதுல எங்கக்கா 400 கிராம் காய்?

இதைக் கூட்டத்தில் யாரும் கேட்டதில்லை, எல்லாம் பஸ் ஸ்டாப் கேள்விதான். குழம்பில் அடியில் தங்கிய காரமும், சட்டியில் ஒட்டிய பொரியலும், ஆறிய சோறும், அதன் மேல் சூடாக ஒரு டீயும். ரத்தம் ஏன் குறைகிறது என்று மேலே எழுதியதெல்லாம் கடைசியில் இந்தத் தட்டில்தான் வந்து நிற்கிறது. இரும்பு அதிகம் தேவைப்படுகிற ஆளுக்கே கீரை மிஞ்சுவதில்லை.

ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட முடிகிற வீடு என்றால் பிரச்சினை பாதி தீர்ந்தது. முடியாத வீட்டில், அடுப்பிலிருந்து இறக்கியதும் மற்றவர்களுக்குப் பரிமாறும் முன்பே உங்கள் பங்கை ஒரு டப்பாவில் எடுத்து மூடி வைத்துவிடுங்கள். வீட்டில் ஐந்து பேர் என்றால் முட்டை ஐந்து வேக வேண்டும், நாலு இல்லை. மாமியார் ஏதாவது சொன்னால், அவருக்கும் ஒரு டப்பா எடுத்து வையுங்கள். அவரும் அவர் காலத்தில் மிச்சம்தான் சாப்பிட்டிருப்பார்.